எழுத்தில்லாத போர்டு

சிவப்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பரவை மெயின் ரோட்டில் 'மருது ஆர்ட்ஸ்' என்று ஒரு தகரக் கொட்டகை இருக்கிறதே, அது என்னுடையதுதான். சைக்கிள் கடை போர்டு, கல்யாண வளைவு, கட்சிக்காரர்களின் சுவரெழுத்து எல்லாம் எழுதுவேன். ஆனால் என் பேர் சொல்வது சிவப்பு. திண்டுக்கல் பஸ்ஸில் அரைத் தூக்கத்தில் வருகிறவன்கூட என் சிவப்பைப் பார்த்தால் கண்ணைத் திறந்துவிடுவான். எழுத்துக்கு ஓரமாக நிழல் கொடுப்பேன், பலகையை விட்டு எழும்பி நிற்கும். வலது கைப்பக்கம் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் 'மருது ஆர்ட்ஸ்' என்று போடாமல் ஒரு வேலையையும் வெளியே விட்டதில்லை. ஒரு துக்க வீட்டு போர்டிலும் அப்படிப் போட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்படிப்பட்ட என் சிவப்பை ஒரு ஈ மதிக்கவில்லை. கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

எண்பதாம் வருஷம். ஆறு மாதத்துக்குள் இரண்டு தேர்தல் நடந்து முடிந்திருந்தது. கொட்டகையில் மிஞ்சிக் கிடந்ததெல்லாம் கறுப்பு பெயிண்டும் சிவப்பு பெயிண்டும்தான். அந்த நேரத்தில்தான் என் அக்கா ஜெயக்கொடி ஆள் அனுப்பினாள், பெட்டிக்கு பெயிண்ட் அடிக்கணும், வா என்று.

அக்காவைப் பரவைக்கு மேற்கே கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு கிணற்றுத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மச்சான் பேர் முத்திருளன். புடலையும் வெள்ளரியும் போடுகிற சம்சாரி. கிராமத் தொழில் வாரியத்தில் இருந்து ராஜாராமன் என்று ஒரு சூப்பர்வைசர் மதுரையிலிருந்து மொபெட்டில் வந்து, தேனீப் பெட்டி தருகிறோம், வளர்க்கிறீர்களா என்று மச்சானிடம் கேட்டிருக்கிறார். "ஈயும் வேணாம், தேனும் வேணாம், ஆளை விடுங்க சார்" என்று மச்சான் கும்பிட்டுவிட்டார். அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, "எனக்குக் குடுங்க" என்றாளாம். சார் அவள் கட்டை விரலில் மையைத் தடவி, படிவத்தில் ஒரு கைநாட்டு வாங்கிக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிட்டார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். நிலம் மச்சான் பேரில். கிணறு மச்சானின் அப்பா பேரில். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் மச்சான். அக்கா பேரில் அந்த வீட்டில் ஒரு கோழிக்குஞ்சு கிடையாது. அந்தத் தேனீப் பெட்டிதான் முதல்.

முதல் பெட்டியில் ஈ பெருகியதும் சார் வந்து பாதியைப் பிரித்து இரண்டாவது பெட்டியில் விட்டார். இரண்டையும் கிணற்றடிப் புங்கமரத்துக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். போகும்போது சார் கறாராகச் சொன்னார்.

"தை பொறக்குறதுக்குள்ள ரெண்டு பெட்டியும் நல்லா நிலைச்சு நிக்கணும்மா. நின்னா இன்னும் எட்டுப் பெட்டி, மதுரையில பத்து நாள் பயிற்சி. ஒண்ணு அழிஞ்சாலும் ரெண்டையும் எடுத்து அடுத்த ஆளுக்குக் குடுத்துருவோம். ரூல்ஸ் அப்படி. அப்புறம், ரெண்டுக்கும் வேற வேற கலர் அடிச்சு வைங்க. ஈ தன் வீட்டைக் கலர் பாத்துத்தான் கண்டுபிடிக்கும்."

கலர் என்றதும்தான் எனக்கு ஆள் வந்தது.

அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "நல்லா எடுப்பா அடிடா, குருட்டு ஈக்குக்கூடத் தெரியணும்" என்றாள்.

நான் விடுவேனா? முதல் பெட்டிக்குக் கன்னங்கரேல் என்று கறுப்பு. இரண்டாவதுக்கு ரத்தச் சிவப்பு. அத்தோடு நின்றால் நான் மருது இல்லை. கறுப்புப் பெட்டியில் சிவப்பு எழுத்தில் 'ஜெயக்கொடி'. சிவப்புப் பெட்டியில் கறுப்பு எழுத்தில் 'ஜெயக்கொடி'. இரண்டிலும் நிழல், இரண்டிலும் ஓரத்தில் என் கையெழுத்து. அக்காவுக்கு எழுத்து தெரியாது. "இதுல எது நானு?" என்று கேட்டாள். "முழுசும் நீதான்" என்றேன். வெகுநேரம் பெட்டி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மச்சான் வரப்பிலிருந்தே கத்தினார். "மாப்ள, கட்சி ஆபீசு தெறந்துட்டியா?"

பிறகு, கொஞ்சம் இறங்கி வந்து அக்காவிடம் சொன்னார். "ஏளா, எட்டுப் பெட்டி வந்துச்சுன்னா எம் பேருல போட்டுக்கிருவோம். ஆபீசு ஆபீசா அலையணும், உனக்கெதுக்கு?" கெட்ட எண்ணத்தில் சொல்கிற மனுஷர் இல்லை அவர். அதனால்தான் அவளுக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

தீபாவளி முடிந்த அடுத்த வாரம் அக்கா வேர்க்க விறுவிறுக்கக் கொட்டகைக்கே நடந்து வந்துவிட்டாள். முந்தானையில் எதையோ முடிந்து வைத்திருந்தாள். அவிழ்த்துக் காட்டினாள். நீளமாக ஒரு ஈ, செத்துக் கிடந்தது.

"ராணிடா. கறுப்புப் பெட்டி வாசல்ல கெடந்துச்சு. எலுமிச்சங்காய் கனத்துக்கு அதைச் சுத்தி ஒரே ஈ. கொன்னு வெளிய தள்ளிருச்சுக" என்றாள்.

மறுநாள் சார் வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். சிவப்புப் பெட்டியில் பிறந்த புது ராணி அது. ராணி வாழ்நாளில் ஆண் ஈயோடு சேர ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் வெளியே பறக்குமாம். திரும்பி வரும்போது சொந்தப் பெட்டிக்குள் நுழைய வேண்டும். பெட்டி மாறி நுழைந்தால் அங்கே இருக்கிற ஈக்கள் உயிரோடு விடாது.

"சிவப்புப் பெட்டிக்குப் போக வேண்டியது கறுப்புக்குள்ள போயிருக்கு. எப்படித்தான் போச்சோ, கலர் வேற வேறதான் அடிச்சிருக்கீங்க" என்று அவரே தாடையைத் தடவினார்.

"பெட்டியைத் தள்ளி வச்சா என்ன சார்?" என்று கேட்டேன்.

"இனிமே நகர்த்தினா வெளிய போன ஈ எல்லாம் பழைய எடத்துலயே வந்து சுத்தும்ப்பா. நகர்த்தக் கூடாது." கறுப்புப் பெட்டியிலிருந்து, முட்டையுள்ள அடையோடு ஒரு மரச்சட்டத்தை எடுத்துச் சிவப்புப் பெட்டியில் வைத்தார். "இதுல இருந்து இன்னொரு ராணி வளர்த்துக்கும். பதினாறு நாள்ல வெளிய வரும், அதுக்கப்புறம் ஒரு வாரத்துல பறக்கும். இதுதான் கடைசி. இதுவும் போச்சுன்னா பெட்டி அழிஞ்சிரும்மா. மார்கழி நடுவுல வந்து பாப்பேன்."

சார் போன பிறகு அக்கா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "நீ நல்லாத்தான்டா அடிச்ச, அதுக்குத்தான் கண்ணு தெரியல" என்றாள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அரை மைலுக்கு அப்பால் பஸ்ஸில் வருகிறவனுக்குத் தெரிகிற சிவப்பு, ஒரு முழம் தள்ளிப் பறக்கிற ஈக்குத் தெரியாதா?

கார்த்திகை முதல் தேதி மச்சான் சபரிமலைக்கு மாலை போட்டார். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு. மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், அவரும் கோபப்படக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது. அந்தக் கோலத்தில் கிணற்றடிக்குக் குளிக்கப் போன மனுஷர், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே ஈ.

"சாமியே..." என்றார் ஒரு கடிக்கு. "சரணம்" என்றார் அடுத்த கடிக்கு. வாயில் வந்த வேறு எதையோ கஷ்டப்பட்டு விழுங்கினார். "ஐயப்பா!" என்று வீட்டுக்குள் பாய்ந்து கதவைச் சாத்தினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

காதில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "இத்தனை நாளா வெள்ளை வேட்டியில அது மூஞ்சிக்கு முன்னாடியே நடந்துருக்கேன் மாப்ள, ஒண்ணும் செய்யல. கறுப்பைக் கண்டா அதுக்கு என்னமோ ஆகுது" என்றார்.

நான்கு நாள் கழித்து ஒரு காதுகுத்து வீட்டுக்குக் கிளம்பிய அக்கா, தீபாவளிக்கு எடுத்த சிவப்புச் சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு, போகிற போக்கில் பெட்டியை எட்டிப் பார்த்திருக்கிறாள். மூன்று கடி. தினமும் அவள் நரைத்துப்போன மஞ்சள் சேலையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், அவளை ஒரு ஈயும் தொட்டதில்லை.

"புதுத்துணி வாசமா இருக்கும்" என்றார் மச்சான். "மல்லிப்பூ வாசமா இருக்கும்" என்றாள் அக்கா. எனக்கு இரண்டும் காதில் ஏறவில்லை. கறுப்புக்குக் கடித்தது. சிவப்புக்கும் கடித்தது. நான் பெயிண்ட் அடித்ததும் அந்த இரண்டைத்தான். டீக்கடையில் மொக்கையன் கொடுத்த டீ ஆறி ஆடை கட்டும்வரை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவேளை இந்த ஈக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதானோ?

நினைக்கவே கேவலமாக இருந்தது. பொய்யென்று காட்டிவிட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன்.

பெயிண்ட் டப்பா மூடிகள் நான்கை எடுத்தேன். ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குக் கறுப்பு, ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்கு மஞ்சள் அடித்து, வாடை போகக் காயவைத்தேன். கிணற்றடியில் ஒரு ஸ்டூலைப் போட்டோம். சிவப்பு மூடியின் நடுவில் சோடா மூடி ஒன்றில் வெல்லத் தண்ணீரை ஊற்றி வைத்தேன். ஈயை எப்படி அழைத்து வருவது? அக்காதான் வழி கண்டாள். வேப்பங்குச்சியை வெல்லத் தண்ணீரில் நனைத்துப் பெட்டி வாசலில் நீட்டினாள். ஒரு ஈ ஏறி நக்க ஆரம்பித்ததும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து சிவப்பு மூடியில் இறக்கினாள். அது வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போய், அரைமணி நேரத்தில் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"எப்படிடா சொல்லுச்சு?" என்று அக்கா வாயைப் பிளந்தாள். எனக்கென்ன தெரியும்?

அன்று முழுக்கச் சிவப்பு மூடியில் மட்டும் விருந்து. இடத்தைப் பழகிவிடக் கூடாது என்று அடிக்கடி மூடியை ஸ்டூலின் மூலைக்கு மூலை மாற்றினேன். மறுநாள் காலையில் நான்கு மூடியையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தேன். எதிலும் ஒரு சொட்டு வெல்லம் கிடையாது, வெறும் சோடா மூடிதான். ஈ எதில் உட்காருகிறது என்பதற்கு ஒரு புளியங்கொட்டை வீதம் அக்கா எடுத்து வைத்தாள்.

மஞ்சளில் ஒன்றுகூட உட்காரவில்லை. நீலத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் தவறி. சிவப்புக்குப் பதினான்கு கொட்டை. கறுப்புக்குப் பதினாறு.

"கறுப்புக்கு ரெண்டு சாஸ்தி" என்றாள் அக்கா.

"தெரியுது, எண்ணத் தெரியும் எனக்கு" என்று எரிந்து விழுந்தேன். மூடிகளை இடம் மாற்றினேன். மறுபடியும் அதே கதை. சிவப்பில் இறங்கி ஏமாந்த ஈ, பக்கத்துக் கறுப்பில் போய் இறங்கியது. கறுப்பில் ஏமாந்தது சிவப்புக்கு வந்தது. தப்பு செய்கிறோம் என்கிற கூச்சமே அதற்கு இல்லை.

அப்போதுதான் எனக்கு முதல்முறையாகக் கோபம் போய் ஆசை வந்தது. சரி, எதுதான் உனக்குத் தெரியும் என்று பார்க்கலாம். மறுநாள் முழுக்க நீல மூடியில் வெல்லம் வைத்தோம். அதற்கு மறுநாள் வெறும் மூடிகளைப் பரப்பினோம். ஈ வந்தது பாருங்கள், நேராக நீலத்தில். நீலத்தைக் கொண்டுபோய்க் கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவில் வைத்தேன். அங்கேயும் நீலம்தான். அக்காவின் மஞ்சள் சேலை முந்தானையில் மறைத்துவைத்துப் பத்தடி தள்ளித் திறந்தாலும் தேடி வந்தது. சிவப்புப் பக்கமும் கறுப்புப் பக்கமும் புளியங்கொட்டை வைக்க வேலையே இல்லை.

"அப்ப அன்னிக்குச் செத்த ராணி..." என்று ஆரம்பித்த அக்கா நிறுத்திக்கொண்டாள்.

"ஆமா. ரெண்டும் கறுப்புப் பெட்டிதான் அதுக்கு. உன் பேரு எழுதுனது, நெழல் குடுத்தது, ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. நான்தான் கொன்னுட்டேன்" என்றேன். ஒரு ஈக்காக அழுதேன் என்று வெளியே சொல்லாதீர்கள்.

சாரைத் தேடிப் பஸ் ஏறி மதுரைக்கே போய்விட்டேன். ஆபீஸ் வராந்தாவில் நின்றபடியே மூடி, வெல்லம், புளியங்கொட்டை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பயிற்சியில எப்பவோ சொன்னாங்கப்பா, ஈக்குச் சிவப்பு தெரியாதுன்னு. நான் மறந்தே போனேன். தப்பு என் மேலதான். இன்னொண்ணும் சொன்னாங்க. நமக்குத் தெரியாத ஒரு கலர் அதுக்குத் தெரியுமாம். வெயில்ல இருக்காம் அது. நம்ம கண்ணுக்கு வெறும் மஞ்சளாத் தெரியுற பூவுல, நடுவுல கோடு போட்டு வழி காட்டின மாதிரி அதுக்குத் தெரியுமாம்."

"அது என்ன கலர் சார்?"

"நமக்குத்தான் தெரியாதேப்பா, அப்புறம் எப்படிப் பேர் சொல்றது?"

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதினெட்டு வருஷமாக பெயிண்டைக் குழைக்கிறவன் நான். எல்லா டப்பாவும் எனக்கு அத்துபடி என்று நினைத்திருந்தேன். உலகத்தில் இன்னும் ஒரு டப்பா திறக்காமலே இருக்கிறது, அதை ஒரு ஈ தினமும் திறந்து பார்க்கிறது! தோட்டத்தில் இறங்கி ஒரு வெள்ளரிப் பூவைப் பறித்து வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள்தான். கண்ணை இடுக்கிப் பார்த்தேன், அப்போதும் மஞ்சள்தான். மச்சான் சாமி பார்த்துவிட்டு, "மாப்ளைக்கு யாரோ என்னமோ வச்சுட்டாய்ங்க" என்று கவலைப்பட்டார்.

சிவப்புப் பெட்டியை நீலமாக்க வேண்டும். ஆனால் உள்ளே ராணி வளர்ந்துகொண்டிருக்கிறது, சுரண்டவும் முடியாது, வாடை அடிக்கிற ஈரப் பெயிண்டைப் பூசவும் முடியாது. போர்டு எழுதுகிறவன் வேறென்ன செய்வான்? பெட்டி முகப்பு அளவுக்கு ஒரு பலகையை அறுத்து, ஈ போகிற வாசலுக்கு இடம் விட்டு, நீலத்தில் கொஞ்சம் வெள்ளையைக் குழைத்து மூன்று கை அடித்தேன். எட்டு நாள் கொட்டகைக் கூரைமேல் வெயிலில் காயப்போட்டேன்.

ரோட்டில் போகிறவனெல்லாம் நின்று பார்த்தான். "யாருக்குண்ணே போர்டு?" என்று கேட்டான் மொக்கையன்.

"ஒரு ராணிக்கு."

"எழுத்து எங்கண்ணே?"

"அவுகளுக்குப் படிக்கத் தெரியாது."

மொக்கையன் அதன்பிறகு இரண்டு நாள் எனக்குச் சர்க்கரை குறைத்துத்தான் டீ போட்டான். சூடு தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பான்.

ராணி பறக்கும் என்று சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னால், விடியற்காலையில், ஈ கிளம்பும் முன்பு பலகையைக் கொண்டுபோனேன். அக்கா கறுப்புப் பெட்டி முன்னால் குத்தவைத்து, குச்சியால் மண்ணில் என்னவோ கீறிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் காலால் அழித்துவிட்டாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல, ஈ எண்ணுனேன்" என்றாள். இருட்டில் ஏது ஈ? எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

பலகையைச் சிவப்புப் பெட்டியின் முகப்பில் பொருத்திக் கம்பியால் கட்டும்போதுதான் உறைத்தது, அவள் பேர் உள்ளே போகிறது. நான் கையை நிறுத்தினேன்.

"பேரு மறையுதுக்கா."

"மறையட்டும், கட்டு. பேரைக் காப்பாத்தப் போயி பெட்டியை விட்டுருவோமா?" என்றாள். கட்டினேன். என் வாழ்க்கையில் எழுத்தில்லாமல், என் கையெழுத்தும் இல்லாமல் மாட்டிய ஒரே போர்டு அது. ஈக்கள் வெளியே வந்து, போகாமல், பலகைக்கு முன்னால் முகத்தைத் திருப்பி நின்று அரைவட்டம் அரைவட்டமாகப் பறந்து பார்த்துக்கொண்டன. புது வீட்டு நம்பரைப் படிப்பதுபோல் இருந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை மழை, நான்கு நாள் விடவில்லை. அக்கா சோறு தண்ணி இல்லாமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராணி பறக்கிற நாள் தள்ளிப்போனால் பறக்காமலே போய்விடும் என்று சார் சொல்லியிருந்தார். ஐந்தாம் நாள் பளிச்சென்று வெயில் அடித்தது. நான் கொட்டகையைச் சாத்திவிட்டு ஓடினேன். மச்சானும் வந்தார். அக்கா வற்புறுத்தியதால் கறுப்பு வேட்டிக்கு மேலே ஒரு வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு புங்கமரத்துக்குப் பின்னால் நின்றார்.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். நீலப் பலகை வாசலில் நீளமான ஒரு ஈ வந்து நின்றது. பலகையைப் பார்த்துக்கொண்டே இரண்டு சுற்று சுற்றியது. சட்டென்று மேலே ஏறியது, கண்ணுக்குத் தப்பிவிட்டது.

மூன்று பேரும் அண்ணாந்தே நின்றோம். தலைக்கு மேலே ஒரு கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்தது. அது ஈ பிடிக்கிற குருவி. மச்சான் விரதத்தையும் மறந்து கல்லை எடுத்து எறிந்து, "போய்த் தொலை, நாசமாப் போறதே!" என்று விரட்டினார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கால் மணி ஆயிற்று. இருபது நிமிஷம் ஆயிற்று. அக்காவின் கை என் முழங்கையைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது. அப்போது வந்தது. கொஞ்சம் தள்ளாடித் தள்ளாடி, ஆண் ஈயோடு சேர்ந்த அடையாளமாகப் பின்னால் வெள்ளையாக ஒரு துணுக்கு ஒட்டியிருக்க, இறங்கி வந்தது. ராணிதான். நேராகக் கறுப்புப் பெட்டிப் பக்கம் போனது.

"ஆத்தாடி" என்றாள் அக்கா.

கறுப்புக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் நின்று பறந்தது. அதற்கு அங்கே என் எழுத்து தெரியவில்லை, நிழல் தெரியவில்லை. என் தொழிலையே அன்று ஒரு ஈயின் முன்னால் கும்பிட்டு வைத்தேன். பக்கத்தில் பாரு தாயி, பக்கத்தில் பாரு. அது மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியது. நீலப் பலகையைக் கண்டதும் தயங்கவே இல்லை. வாசலில் இறங்கியது, நடந்தது, உள்ளே போய்விட்டது.

அக்கா தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மச்சான் போர்வையை உதறிவிட்டு ஓடி வந்து, "வந்துட்டாளா? வீட்டுக்குள்ள போயிட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். கறுப்பு வேட்டிக்கு ஒரு கடி வாங்கினார். அதற்கும் சிரித்தார்.

மார்கழி பாதியில் ராஜாராமன் சார் வந்தார். நீலப் பலகைப் பெட்டியைத் திறந்து ஒரு சட்டத்தைத் தூக்கி வெயிலில் காட்டினார். அறைக்கு ஒன்றாக அரிசிக் குருணை மாதிரி முட்டை.

"ரெண்டும் நின்னுருச்சும்மா. எட்டுப் பெட்டியும் உங்களுக்குத்தான்" என்றார். தோல்பையிலிருந்து படிவத்தை எடுத்து மொபெட் சீட்டின் மேல் விரித்து, மைப்பெட்டியையும் திறந்து வைத்தார். "யார் பேர்ல போடணும்? வீட்டுக்காரர் பேர்லன்னா அவர் கையெழுத்துப் போடட்டும்."

மச்சான் வேட்டியில் கையைத் துடைத்தார். நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராக மொபெட்டிடம் போனாள். மைப்பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, சார் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் காட்டி, "அதைக் குடுங்க சார்" என்றாள்.

பேனாவைக் குச்சி பிடிக்கிற மாதிரி பிடித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, வியர்த்து வடிய, ஒவ்வொரு எழுத்தாக இறக்கினாள். ஜெ. ய. அது என் எழுத்து. என் வளைவு, என் சுழி. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓரத்தில் நிழல்கூடக் கொடுத்தாள். கறுப்புப் பெட்டியில் ஈ பார்க்காத சிவப்பை இவள் இரண்டு மாதமாகப் பார்த்து மண்ணில் எழுதி எழுதி அழித்திருக்கிறாள். முடித்துவிட்டாள் என்று நினைத்தேன். முடிக்கவில்லை. வலது கைப்பக்கம் கீழே பேனாவைக் கொண்டுபோய்ப் பொடி எழுத்தில் இன்னும் கொஞ்சம் எழுதினாள்.

சார் படிவத்தைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். "ஜெயக்கொடி... மருது ஆர்ட்ஸ்? யாரும்மா அது மருது ஆர்ட்ஸ்?"

"பெட்டியில அப்படித்தான போட்டுருக்கு?" என்று அக்கா என்னைப் பார்த்தாள். முகம் கறுத்துவிட்டது. "முழுசும் நீதான்னு சொன்னியேடா!"

மச்சான் வாய் விட்டுச் சிரிக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, சிரிக்கவில்லை. சாரிடம் திரும்பி, "அவ பேருலயே போடுங்க சார்" என்றார்.

சார் பேனாவைத் திறந்து, கீழே இருந்த பொடி எழுத்தின் பக்கம் கொண்டுபோனார். "இதை மட்டும் அடிச்சிரட்டுமா?"

எனக்குக் கண் மறைத்தது. "இருக்கட்டும் சார், அது முழுசும் அக்காதான்" என்றேன். அந்தப் படிவம் அப்படியே மதுரைக்குப் போனது.